வெயிலும் கால் கிராம் வெள்ளைத் தூளும்: நீரில் கலந்த சாயத்தை உடைத்துப் பார்ப்போம்

வயலுக்கு மருந்தடிக்கும் நாட்களில் எங்கள் வாய்க்கால் கரையில் ஒரு நெடி நிற்கும். அடித்ததில் ஒரு பங்கு பயிரில் ஒட்டும். மிச்சம் மழையோடும் பாய்ச்சிய தண்ணீரோடும் வாய்க்காலில் இறங்கும். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவே வளர்ந்தவன் நான். இப்படி நீரில் கலக்கும் மருந்தை வெயிலைக் கொண்டே உடைக்கலாம் என்று படித்த நாளில் பிறந்த ஆர்வம் இன்னும் தணியவில்லை. அதன் முதற்படியை யாரும் செய்து பார்க்கலாம். பூச்சிமருந்தைத் தொட வேண்டாம்; சாயத்தில் தொடங்குவோம். நிறம் மங்குவது கண்ணுக்கே தெரியும்.

தைத்தானியம் ஈரொட்சைட்டு என்ற வெள்ளைத் தூள்தான் இங்கே வினையைத் தூண்டிவிடும் ஊக்கி. ஒளி பட்ட தைத்தானியம் ஈரொட்சைட்டு நீரையே பிரிக்கக்கூடியது என்று 1972இல் ஜப்பானியரான புஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டினார்கள். ஒளி தூளிலுள்ள இலத்திரனைக் கிளப்பிவிடுகிறது. அது விட்டுப்போன வெற்றிடம் நீரிலிருந்து ஐதரொட்சில் மூலிகம் என்ற, எதையும் விரைந்து தாக்கும் துணிக்கையை உண்டாக்குகிறது. அந்த மூலிகம் எதிர்ப்படும் சேதனப் பொருளை, அதாவது சாயம் போன்ற காபன் சேர்மத்தை, துண்டு துண்டாக உடைக்கும். போதிய நேரம் கிடைத்தால் காபனீரொட்சைட்டும் நீரும் ஆகும்வரை உடைக்கும். தூள் செலவாவதில்லை. ஆனால் எல்லா ஒளிக்கும் அது அசையாது. இந்தத் தூளின் பளிங்கு வகைகளில் ஒன்றான அனட்டேஸுக்குச் சுமார் 387 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளம், அதாவது புற ஊதாக் கதிர் வேண்டும். சூரிய ஒளியில் அது ஏறக்குறைய 5 வீதம்தான். வன்னி வெயிலுக்கு அதுவே போதும்; சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகலில் சூரியன் நம் உச்சிக்கு நேரே நிற்கிறது.

தூள் வாங்கும்போது கவனம். நான் முதலில் பெயின்டுக்குக் கலக்கும் வெள்ளைத் தூளை வாங்கி இரண்டு நாட்களை இழந்தேன். நிறம் பெரிதாக அசையவில்லை. அந்தத் தூள் பெரும்பாலும் ரூட்டைல் என்ற மற்றப் பளிங்கு வகை. வெயிலில் பெயின்ட் உதிராமலிருக்க ஒவ்வொரு துகளுக்கும் சிலிக்கா, அலுமினா பூசியிருப்பார்கள். நமக்கு வேண்டிய வேலையையே அந்தப் பூச்சு தடுத்துவிடுகிறது. ஆய்வுகூடப் பொருட்கள் விற்கும் இடத்தில் ‘அனட்டேஸ்’ என்று கேட்டு வாங்குங்கள். பக்கத்துப் புல்மோட்டைக் கடற்கரையின் கரிய மணலில் தைத்தானியம் கொண்ட கனிமங்களான இல்மனைட்டும் ரூட்டைலும் இருக்கின்றன. அதை அள்ளிப் போட்டால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. இல்மனைட்டில் இரும்பு கலந்திருக்கிறது; மணல் பருமனாக இருப்பதால் ஒளி படும் பரப்பும் குறைவு.

சாயத்துக்கு மெதிலீன் நீலம். அலங்கார மீன் விற்கும் கடையில் கிடைக்கும்.

முதலாம் படி. முக்கால் லீற்றர் மழைநீரில் ஒரு வீத மெதிலீன் நீலக் கரைசலை ஏழெட்டுத் துளி விட்டுக் கலக்கி, மூன்று கண்ணாடிப் போத்தல்களில் சமமாக ஊற்றுங்கள். போத்தலில் பாதி வெறுமையாக இருக்கட்டும். இந்த வினைக்கு ஒட்சிசனும் வேண்டும்.

இரண்டாம் படி. இரண்டு போத்தல்களில் மட்டும் கால் கிராம் வீதம் தூளைப் போடுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். இந்தத் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. பிறகு மூன்றையும் அரை மணி நேரம் இருட்டில் வையுங்கள். சாயத்தில் ஒரு பகுதி தூளில் ஒட்டிக்கொள்ளும். அதை உடைந்ததாக எண்ணி ஏமாறாமலிருக்கத்தான் இந்தக் காத்திருப்பு.

மூன்றாம் படி. தூள் போட்ட ஒரு போத்தலையும் தூளில்லாத போத்தலையும் காலை பத்து மணிக்கு முற்றத்து வெயிலில் கிடத்துங்கள். மற்றதைத் துணியால் சுற்றி இருட்டிலேயே விடுங்கள். இந்த இரண்டு துணைப் போத்தல்களையும் தவிர்க்காதீர்கள். மெதிலீன் நீலம் வெறும் வெயிலிலும் ஓரளவு வெளுக்கும்; அதைக் கழித்துப் பார்த்தால்தான் ஊக்கி செய்த வேலை தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்றையும் குலுக்குங்கள்.

நான்காம் படி. அரை மணிக்கொருமுறை ஒவ்வொன்றிலும் சிறிது எடுத்து, நேரம் எழுதிய சிறு குப்பியில் விட்டு, இரவு முழுவதும் அலுமாரிக்குள் வையுங்கள். தூள் அடியில் இறங்கியபின், வெள்ளைத் தாளின் முன்னே வரிசையாக நிறுத்திப் பாருங்கள். என் வரிசையில் முதல் அரை மணிக் குப்பியில் மாற்றம் உறுதியாகத் தெரியவில்லை. இரண்டாம் மணிக் குப்பியோ, நீலம் போட்டு அலசிய வெள்ளைச் சட்டையின் நிறத்துக்கு வந்திருந்தது.

அடுத்து இதையே கிணற்றுத் தண்ணீரில் செய்யுங்கள். வேகம் குறைந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கொதிக்கும்போது காபனேற்றாக மாறிக் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவாக இறங்கும் அதே இருகாபனேற்று, நீரில் கரைந்திருக்கும்போது ஐதரொட்சில் மூலிகங்களைப் பிடித்துக்கொள்கிறது.

இந்த நீரைக் குடிக்காதீர்கள். நிறம் போனது என்றால் சாயத்தின் நிறம் தரும் பகுதி உடைந்தது என்று மட்டுமே பொருள். இடையில் உருவான துண்டுகள் மிச்சமிருக்கலாம். பூச்சிமருந்திலும் இதே சிக்கல் உண்டு என்பதால்தான் அதை வீட்டில் சோதிக்க வேண்டாம் என்கிறேன். கிணற்றுத் தண்ணீரோடு சேர்த்துச் சந்தேகிக்கப்படும் வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக நோயை நினைத்து இதை வாசிப்பவர்களுக்கும் நேராகச் சொல்லிவிடுகிறேன்: புளோரைட்டையும் கல்சியத்தையும் இந்த முறை அகற்றாது. அவை அயன்கள், அவற்றில் உடைப்பதற்கு ஒன்றுமில்லை.

முடிந்தபின் மேல்நீரை மெதுவாக வடித்து, கிணற்றிலிருந்து தள்ளி வெட்டிய குழியில் ஊற்றுங்கள். அடியில் தங்கிய தூளைக் கழுவி உலர்த்திப் பத்திரப்படுத்துங்கள். அதே தூளை மறுமுறை போடும்போது நிறம் வெளுக்க எடுக்கும் நேரத்தை, முதல்முறைக் கணக்குக்குப் பக்கத்திலேயே கொப்பியில் எழுதிவையுங்கள்.