பனிக்குடச் சவ்வைத் தானம் கொடுக்க நினைத்தால் ஏழாம் மாதமே கேட்டுவையுங்கள்

முதல் பிரசவத்தில் நான் இதைக் கேட்டதே ஆபரேஷன் டேபிளில் படுத்துக்கொண்டுதான். தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். "சிஸ்டர், இந்த நஞ்சுக்கொடி யாருக்காவது உதவுமாமே?" என்றேன். "அதெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கணும்மா" என்றார். அரைக் கிலோ எடை இருக்கும், அது அப்படியே மருத்துவக் கழிவு போடுகிற மஞ்சள் பைக்குள் போனது, அங்கிருந்து எரிக்கிற இடத்துக்கு. அந்த வருத்தத்தில்தான் இரண்டாவது தடவை ஏழாம் மாதமே ஆரம்பித்தேன், கொடுக்கவும் முடிந்தது. நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், எதைக் கொடுக்கிறோம் என்று புரிந்துகொள்ளுங்கள். குழந்தை மிதக்கிற பனிக்குடத்தின் உள்சுவர் ஒரு மெல்லிய சவ்வு, நஞ்சுக்கொடியோடு சேர்ந்து வெளியே வருவது. அதில் ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. அதனால் இன்னொருவர் உடம்பில் வைத்தால் அந்த உடம்பு அதை எதிர்த்துத் தள்ளுவது அரிது. 1910-லேயே தோலில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், 1940-ல் கண்ணில் வைத்தார்கள், 1990-களின் நடுவிலிருந்து உலகம் முழுக்கக் கண் அறுவைச் சிகிச்சையில் பரவிவிட்டது. வெற்றிலைக்கு வாங்கி வைத்த சுண்ணாம்பு பாக்கெட்டைக் குழந்தை பிதுக்கி அது கண்ணில் தெறிப்பது நம் வீடுகளில் நடக்கிற விபத்து (அப்படி நடந்தால் அந்த இடத்திலேயே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அதற்கப்புறம்தான் ஆட்டோ பிடிப்பது எல்லாம்). வெந்துபோன அந்தக் கண்ணின் மேல் இந்தச் சவ்வைப் போர்த்தித் தைக்கிறார்கள். வீக்கம் அடங்கவும், புதுச் செல்கள் அதைப் பிடித்துக்கொண்டு வளரவும் அது உதவுகிறது. மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் கொப்பளித்துக் கண்ணும் பாதிக்கப்படுகிறவர்களுக்கும், ஆறாத கருவிழிப் புண்ணுக்கும் இதே சவ்வுதான். தீக்காயத்தின் மேல் கட்டாகவும் போடுகிறார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1988-ல் தொடங்கிய திசு வங்கி இதை உலர்த்தி, காமாக் கதிரால் கிருமி நீக்கித் தருகிறது.

சரி, எங்கே ஆரம்பிப்பது? பிரசவம் பார்க்கிற டாக்டரிடம் இல்லை, கண் வங்கியில். உங்கள் ஊரிலோ பக்கத்து நகரத்திலோ இருக்கும் பெரிய கண் மருத்துவமனைக்கு போன் செய்து, கண் வங்கிக்கு இணைப்பு கேட்டு, "பனிக்குடச் சவ்வு எடுத்துக்கொள்கிறீர்களா, எந்தப் பிரசவ மருத்துவமனைகளில் இருந்து எடுக்கிறீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். எல்லாக் கண் வங்கியும் எடுப்பதில்லை. எடுக்கிற இடமும் ஏற்கெனவே பேசி வைத்திருக்கும் மருத்துவமனையிலிருந்துதான் பெரும்பாலும் எடுக்கும். உங்கள் மருத்துவமனை அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் டாக்டரின் நம்பரைக் கொடுத்து இரண்டு பேரையும் பேச வையுங்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது, மூன்று வாரம் ஆனது. ஏழாம் மாதம் என்று சொல்வது இதற்காகத்தான்.

இன்னொன்றையும் உடைத்துச் சொல்லிவிடுகிறேன். தேதி குறித்துச் செய்கிற சிசேரியனில்தான் பொதுவாக எடுப்பார்கள், ஏனென்றால் சுகப்பிரசவத்தில் வெளியே வரும் வழியில் கிருமி ஒட்டிக்கொள்ளும். தானம் கொடுக்கலாமே என்பதற்காக யாரும் சிசேரியன் கேட்காதீர்கள், தயவுசெய்து. டாக்டர் வேறு காரணத்துக்காக முடிவு செய்திருந்தால் மட்டும்தான் இந்தப் பேச்சு. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கான பரிசோதனை சரியாக இருக்க வேண்டும். பனிக்குடம் முன்கூட்டியே உடைந்துவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டாலோ எடுக்க மாட்டார்கள். அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

கையெழுத்து கேட்கும்போது படித்துப் பார்த்துப் போடுங்கள். உங்களுக்கு ஒரு ரூபாய் செலவு கிடையாது, உங்களுக்கு யாரும் ஒரு ரூபாய் தரவும் கூடாது. 1994-ன் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011 திருத்தம் திசுவையும் சேர்த்துவிட்டது, விலைக்கு விற்பது குற்றம். அதே மாதங்களில் இன்னொருவரும் உங்களைத் தேடி வருவார், தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியாகச் சேமித்து வைக்கச் சொல்லி பாக்கேஜ் விற்கிறவர். அது காசு கட்டி நமக்காக வைத்துக்கொள்வது, தானம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) அதைப் பரிந்துரைக்கவில்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் பேசுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மாடு ஈன்ற கொடியைக்கூட வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுகிறவர்கள் நாம். குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்தால் தாயத்துக்குள் வைக்கிறோம். அத்தைக்குப் பயம் இருந்ததில் ஆச்சரியமே இல்லை. "யார் கைக்குப் போகுமோ, என்ன பண்ணுவாங்களோ" என்றார். அறிவியல் எல்லாம் பேசாமல், "ஆஸ்பத்திரியில பைல போட்டு எரிச்சுடுவாங்க அத்தை, அதுக்குப் பதிலா ஒரு பிள்ளைக்குக் கண்ணுல வைக்கப் போறாங்க" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "தொப்புள்கொடி நமக்கு வந்துடும்ல?" என்று மட்டும் கேட்டார். வந்துவிடும், குழந்தையின் வயிற்றோடு இருப்பதை யாரும் தொடுவதில்லை.

பிரசவ நாளில் உங்களுக்கு வேலையே இல்லை. முந்தின நாள் கண் வங்கிக்கு ஒரு போன், தியேட்டருக்குப் போகும்முன் ஃபைலின் மேல் பெரிதாக எழுதி ஒட்டிய ஒரு தாள், அவ்வளவுதான். குழந்தை வெளியே வந்து, தொப்புள்கொடியை வெட்டி, நஞ்சுக்கொடியும் வெளியே வந்த பிறகுதான் இதெல்லாம் நடக்கிறது. கொடியைக் கொஞ்ச நேரம் பொறுத்து வெட்டச் சொல்லியிருந்தால் அதற்கும் தடையில்லை. சுத்தமான பாத்திரத்தில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போவார்கள். உங்களிடம் இருந்து கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள்.

ஆறு மாதம் கழித்து வருகிற நாள்தான் முக்கியம், நம் பெண்கள் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். தொற்று ஆரம்ப நாட்களில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால், சில வங்கிகள் அம்மாவின் ரத்தத்தை ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்த பிறகுதான் சவ்வை வெளியே கொடுக்கும். அதுவரை அது மைனஸ் 80 டிகிரியில் காத்திருக்கும். நாமோ பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்து, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குத் திரும்பிவிடுகிறோம், சிம் மாறியிருக்கும், ஊரே மாறியிருக்கும். அவர்கள் கூப்பிட்டால் கிடைக்க மாட்டோம், சவ்வு பெட்டியிலேயே கிடக்கும். அதனால் படிவத்தில் அம்மா நம்பர், கணவர் நம்பர் இரண்டையும் கொடுங்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே அந்தத் தேதியைக் குறித்துவிடுங்கள், அந்த அட்டை மட்டும் எந்த வீட்டுக்குப் போனாலும் கூடவே வரும். வேறு ஊரில் இருந்தால் அங்கேயே ரத்தம் கொடுத்து அனுப்ப முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

நான் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். ரத்தம் எடுத்த பிறகு, பயிற்சிக்கு வைத்திருந்த ஒரு துண்டை அங்கிருந்த பெண் காட்டினார், தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைத் தாளின் மேல் ஒட்டியிருந்தது. இடுக்கியால் ஓரத்தைத் தூக்கினார். வெங்காயத்தை உரிக்கும்போது இரண்டு அடுக்குக்கு நடுவே ஒரு தோல் வருமே, ஈரமாக, கண்ணாடி மாதிரி, அதுதான். ஒரே நஞ்சுக்கொடியில் இப்படிப் பல துண்டுகள் வரும் என்றார். பையன் அதைப் பிடிக்கக் கையை நீட்டினான்.