டைவ் டார்ச்சுக்கு பேட்டரி, சார்ஜர் வாங்குவது எப்படி? இரவு டைவுக்குப் புதியவர்களுக்கு

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் என் முதல் இரவு ஸ்கூபா டைவ். பத்து மீட்டர் ஆழத்தில், பவளப்பாறை இடுக்கில் ஒரு சிங்கி இறாலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது டார்ச் பட்டென்று அணைந்தது. இறங்கி இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பையில் இன்னொரு சின்ன டார்ச் இருந்ததால் பிழைத்தேன். அணைந்துபோன செல்லின் மேல் ‘9900 எம்ஏஹெச்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. செல்லில் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதற்கான அளவு அது. ஊருக்குத் திரும்பியதும் அதைச் சமையலறைத் தராசில் வைத்தேன். 31 கிராம். அந்த அளவில் ஒரு நல்ல செல் 45 கிராம் பக்கம் இருக்கும்.

அந்த 9900 என்ற எண்ணுக்கு மயங்கித்தான் வாங்கியிருந்தேன். நீங்கள் அப்படி ஏமாறாமல் இருக்க, நான் இப்போது செய்வதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் டார்ச்சைத் திறங்கள்

கடைக்குப் போகும் முன் டார்ச்சோடு வந்த தாளைப் படியுங்கள். எந்த அளவு செல், எத்தனை, மேல்முனை குமிழாக இருக்க வேண்டுமா தட்டையாக இருக்க வேண்டுமா என்று அதில் போட்டிருக்கும். பெரும்பாலும் 18650 அல்லது 21700 இருக்கும். இந்த எண்ணைப் பார்த்து பயப்பட வேண்டாம், அது வெறும் அளவுதான்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசி சுழியம் உருளை வடிவம் என்பதற்கு. 21700 என்றால் விட்டம் 21, நீளம் 70.

பென்சில் செல் (ஏஏ) போடும் சின்ன டார்ச் என்றால், ரீசார்ஜ் செல் போடலாம் என்று தாளில் சொல்லியிருந்தால் மட்டும் எனிலூப் மாதிரி நிக்கல் செல் போடுங்கள். 1.2 வோல்ட், சுமார் 2000 எம்ஏஹெச். இங்கே ஒரு எச்சரிக்கை. 14500 என்று ஒரு லித்தியம் செல் உண்டு. பார்க்க அச்சு அசலாகப் பென்சில் செல்தான். ஆனால் அது 3.7 வோல்ட். நான்கு பென்சில் செல் போடும் டார்ச்சில் 6 வோல்ட் போக வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட 15 வோல்ட் பாய்ந்தால், எல்இடி கருகிவிடும்.

எம்ஏஹெச் எண்ணை நம்பாமல் கணக்குப் போடுங்கள்

நல்ல பெயருள்ள 18650 செல்லில் பொதுவாக 3500 எம்ஏஹெச் சுற்றுவட்டாரம்தான் இருக்கும். 21700 என்றால் ஏறக்குறைய 5000. 6000, 9900 என்று போட்ட 18650 செல்லைக் கண்டால் விலையைக்கூடக் கேட்காதீர்கள். பானசோனிக், எல்ஜி, சாம்சங் தயாரிக்கும் செல்களையும், அவற்றை உள்ளே வைத்துத் தங்கள் பெயரில் விற்கும் டார்ச் நிறுவனங்களின் செல்களையும் நம்பி வாங்கலாம். இந்தியாவில் வாங்கினால் உறையில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு நேரம் எரியும்? 3500 எம்ஏஹெச் என்பது 3.5 ஆம்பியர் ஹவர். செல்லின் 3.6 வோல்ட்டை அதனால் பெருக்கினால் 12.6 வாட் ஹவர். 1000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) தரும் டார்ச் தோராயமாக 10 வாட் இழுக்கும். வகுத்தால் 75 நிமிடம். உப்புத் தண்ணீரில் நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே, ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவு டைவுக்கு அது போதும், இரண்டாவதுக்குப் போதாது. மாற்று செல் அதற்குத்தான்.

வெளிச்சம் கூடக்கூட இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரே 21700 செல்லில் 3000 லூமன் தரும் டார்ச், உச்ச வெளிச்சத்தில் 8 ஆம்பியர்வரை இழுக்கலாம். செல் அதைத் தாங்குமா என்று அதன் விவரத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு சர்க்யூட் உள்ளதா, இல்லாததா?

சில செல்களின் அடியில் காசு அளவுக்கு ஒரு குட்டி சர்க்யூட் ஒட்டியிருக்கும். ஷார்ட் ஆனாலோ, அளவுக்கு மீறி வடிந்தாலோ அது மின்சாரத்தை நிறுத்திவிடும். புதியவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இதனால் 65 மில்லிமீட்டர் செல் 68, 69 ஆக நீளும். சில டார்ச்சுகளில் மூடி கடைசிச் சுற்றுவரை திருகாது. வற்புறுத்தித் திருகினால், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் சரியாக உட்காராது, அப்புறம் தண்ணீர்தான். டார்ச் தயாரிப்பாளர் எந்த வகையைச் சொல்லியிருக்கிறாரோ அதையே போடுங்கள்.

இரண்டு செல்லைத் தொடராக அடுக்கும் டார்ச் என்றால் ஜோடியாகவே வாங்குங்கள், ஜோடியாகவே சார்ஜ் செய்யுங்கள். பழையதும் புதியதும் கலந்தால், சோப்ளாங்கி செல் முதலில் காலியாகும். மற்றது அதன் வழியாகவே மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும், காலியான செல் சூடாகி வாயு கக்கும். வீட்டு டார்ச்சில் அந்த வாயு எப்படியோ வெளியேறும். டைவ் டார்ச்சோ தண்ணீர் புகாதபடி இறுக மூடிய குழாய். வாயு அங்கே சேர்ந்தால் வெடிகுண்டுதான். நான் மார்க்கரால் ‘அ1, அ2’, ‘ஆ1, ஆ2’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பார்க்கக் கேவலமாக இருக்கும், ஆனால் மாறிப்போவதில்லை.

சார்ஜர்

செல்லுக்குச் செலவழித்துவிட்டு சார்ஜரில் கஞ்சத்தனம் பிடிப்பவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால் தலைகீழாகச் செய்யுங்கள். ஒவ்வொரு குழிக்கும் தனித்தனியாக வோல்ட் காட்டும் சிறு திரை, 0.5 அல்லது 1 ஆம்பியர் தேர்ந்தெடுக்கும் வசதி, 4.2 வோல்ட் வந்ததும் தானாக நிறுத்துவது, இந்த மூன்றும் வேண்டும். எக்ஸ்டார், நைட்கோர் போன்றவற்றில் இப்படி நிறைய மாடல்கள் உண்டு.

வாங்கியதும் ஒரு சோதனை. சார்ஜ் முடிந்த செல்லை எடுத்துப் பத்து நிமிடம் கழித்து மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 4.15 முதல் 4.20 வரை காட்டினால் சரி. 4.25-ஐத் தாண்டினால் அந்த சார்ஜரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நான்கு குழி இருக்கிறதே என்று சந்தோஷப்படும் முன் அதன் அடாப்டரைப் பாருங்கள். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் மொத்தமே 10 வாட். நான்கு செல்லுக்கு 50 வாட் ஹவர் வேண்டும். வீணாவதையும் சேர்த்தால் ஆறு மணி நேரம் பிடிக்கும். மதியம் கரை திரும்பி, மாலை ஆறரைக்கு மறுபடி இறங்குபவருக்கு இது கட்டுப்படியாகாது.

எங்கே வைத்து சார்ஜ் செய்வது?

மெத்தையில் வேண்டாம். டைல்ஸ் தரையில், கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். தூங்கப் போகும் முன் கழற்றிவிடுங்கள். 2019 செப்டம்பர் 2 அதிகாலை, கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே ‘கன்செப்ஷன்’ என்ற டைவ் படகு எரிந்து 34 பேர் இறந்தார்கள். தீ எதனால் பற்றியது என்று விசாரணையால் அறுதியிட முடியவில்லை. ஆனால் சாத்தியமான காரணங்களில் ஒன்றாக, கவனிக்க ஆளில்லாமல் சார்ஜில் கிடந்த பேட்டரிகளையும் சொன்னார்கள்.

விமானத்தில் மாற்று செல்கள் கைப்பையில்தான் வர வேண்டும், ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள். 100 வாட் ஹவருக்குக் கீழ் என்றால் பொதுவாக அனுமதி உண்டு, நம்முடையது வெறும் 12.6. டார்ச்சிலிருந்தும் செல்லைக் கழற்றிவிடுங்கள். பைக்குள் தானாக எரிந்து துணியைக் கருக்கிய கதைகள் உண்டு.

டைவ் முடிந்த பிறகு

மூடியபடியே நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, அதன் பிறகுதான் திறக்க வேண்டும். திறக்கும்போது வாய்ப்பக்கம் கீழே பார்க்கட்டும், சொட்டு உள்ளே போகாது. ஓ-ரிங்கை விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். ஒரே ஒரு மணல் துகளோ தலைமுடியோ போதும், அடுத்த டைவில் கடலே உள்ளே வந்துவிடும். சிலிக்கான் கிரீஸ் பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும்.

மாதக்கணக்கில் டைவ் இல்லை என்றால் செல்களைப் பாதி சார்ஜில், 3.7 வோல்ட் பக்கம், நிழலான இடத்தில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மறந்தும் வேண்டாம்.

தண்ணீர் புகுந்த டார்ச்சை என்ன செய்வது? ஆன் செய்யாதீர்கள். திறந்தவெளிக்குக் கொண்டுபோய், முகத்துக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் நேராக இல்லாமல் பிடித்து, மெதுவாகத் திருகுங்கள். உள்ளே வாயு இருந்தால் ‘உஸ்’ என்று சத்தம் வரும். அது அடங்கும்வரை அப்படியே பிடித்திருங்கள். உப்புத் தண்ணீர் பட்ட செல் காய்ந்த பிறகு நன்றாகத்தான் தெரியும். அதை சார்ஜரில் போட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம், நேராக மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.