கருமாதி முடிவதற்குள் நடந்துவிடும் தவறுகள்

அப்பா இறந்த வீடு. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரிப்பதற்குள் பல வீடுகளில் மூன்று விஷயங்கள் முடிவாகிவிடும்: அம்மா யாரிடம் இருப்பது, நகை யாருக்கு, வீட்டை என்ன செய்வது. எல்லாரும் கூடியிருக்கும்போதே பேசி முடித்துவிடலாம் என்று நல்லெண்ணத்தில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் அந்த இரண்டு வாரமும் அங்கே யாரும் ஒழுங்காகத் தூங்கியிருக்க மாட்டார்கள். எதைக் கேட்டாலும் அம்மா "உங்க இஷ்டம்ப்பா" என்பார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அம்மா ஒரு மாதம் பிள்ளை வீட்டில் இருந்துவிட்டு வரட்டும், தப்பில்லை. ஆனால் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கூட்டிப்போனால், கணவர் போனதோடு தெரு, கோயில், பேச்சுத்துணைக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரம்மா எல்லாமே ஒரே நாளில் போய்விடும். தலைத்திவசம் வரை வீடு அப்படியே இருக்கட்டும்.

சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரமும் அப்படித்தான், அவசரப்படக் கூடாது. அழுதுகொண்டிருக்கும் மகளிடம் கையெழுத்து வாங்கிப் பதிந்துவிட்டால் பிறகு மாற்றுவது லேசில்லை. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சமபங்கு. இது 1956ஆம் ஆண்டுச் சட்டம். இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. வாரிசுச் சான்றிதழில் பாட்டியின் பெயரை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். சொத்தை விற்கப் போகும்போது அது சிக்கலாக வந்து நிற்கும்.

தள்ளிப்போடக் கூடாதவையும் உண்டு. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர், இனிஷியல் எல்லாம் ஆதார், பட்டா, பாஸ்புக்கில் உள்ளபடி இருக்கிறதா என்று படிவம் கொடுக்கும்போதே பாருங்கள். அப்பாவின் ஏடிஎம் கார்டில் பணம் எடுக்காதீர்கள். செலவு நியாயமானதாகவே இருந்தாலும் பிறகு வங்கியும் கேட்கும், கூடப்பிறந்தவர்களும் கேட்பார்கள். வங்கிக் கணக்கில் நாமினி என்றால் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர், அவ்வளவுதான். அப்பாவின் சிம்மை மட்டும் ரீசார்ஜ் செய்து வையுங்கள். வங்கி, கேஸ், கரண்ட் பில் எல்லாவற்றுக்கும் ஓடிபி அதில்தான் வரும்.

வந்தவர்களுக்குக் காபி கொடுக்கும் பரபரப்பில் அம்மாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் நின்றுபோகும். அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமியுங்கள். தாலி, வளையல் விஷயத்தை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்பதற்கு முன்னால் அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள்.

சின்னப் பிள்ளைகளிடம் "அப்பா தூங்குறாரு", "ஊருக்குப் போயிருக்காரு" என்று சொல்லாதீர்கள். நான்கு வயதுக் குழந்தை அதை அப்படியே நம்பும். தூங்கப் பயப்படும், வாசலில் காத்திருக்கும். "அப்பா செத்துப்போயிட்டாரு, அவர் உடம்பு வேலை செய்யல, இனிமே வரமாட்டாரு" என்பதே போதும். பத்துத் தடவை கேட்டாலும் அதே பதில். பதினைந்து வயதுப் பையனின் தோளைத் தட்டி "இனி நீதான்டா வீட்டுக்கு ஆம்பளை" என்பதும் வேண்டாம். அன்றோடு அவன் அழுவதை நிறுத்திவிடுவான், துக்கம் உள்ளேயே தங்கிவிடும்.

ஆறு மாதத்துக்கு மேலாகியும் சாப்பாடு, தூக்கம், வேலை எதுவும் பிடிபடாமல் இருந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். "நானும் அவரோடயே போயிருக்கணும்" என்று யாராவது சொன்னால் ஆறு மாதமெல்லாம் காத்திருக்கக் கூடாது. சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.