பெஃப் பூர்கின்யோன்: ருசி எங்கே தவறிப்போகிறது?

பிரான்சின் பர்கண்டிப் பகுதி ஷரோலே என்ற வெள்ளை மாடுகளுக்கும், பினோ நுவார் திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயினுக்கும் பேர்போனது. இரண்டும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்தால் பெஃப் பூர்கின்யோன் என்ற மாட்டுக்கறிக் குழம்பு. பெரிய உணவகச் சமாசாரம் போலத் தெரிந்தாலும் வீட்டு அடுப்பிலேயே அருமையாக வரும். கைத்திறனைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும். பெரும்பாலும் அவசரத்தால்தான் கெடுகிறது. ஒரு தவறு மட்டும் அடுப்பு பற்றவைக்கும் முன்பே, கறிக்கடையில் நடந்துவிடுகிறது.

விருந்துக்குத்தானே, நல்ல கறியாக வாங்குவோம் என்று அண்டர்கட் என்ற மிருதுவான முதுகுக் கறியை வாங்கிவிடுகிறார்கள். காசும் போச்சு, கறியும் போச்சு. கொழுப்போ நாரோ இல்லாத அந்தத் துண்டு மூன்று மணி நேரக் கொதியில் சக்கையாகிவிடும். இதற்கு வேண்டியது தோள்பட்டை, கால் தசை, கன்னம் போல மாடு நன்றாக உழைத்த இடத்துக் கறி. அதில் ஓடும் வெள்ளை நாரில் கொலாஜன் இருக்கிறது. மெதுவான சூட்டில் அது கரைந்து ஜெலட்டினாகிக் கறியை இளக்கும். குழம்புக்கு உதட்டில் ஒட்டும் பிசுபிசுப்பைத் தருவதும் அதுதான். துண்டுகளும் சின்னதாக இருக்கக் கூடாது. ஐந்து சென்டிமீட்டராவது இருக்கட்டும்.

அடுத்தது வறுப்பது. என்னைக் கேட்டால் பாதி ருசி இங்கேதான் இருக்கிறது. கழுவிய கறியை ஈரத்தோடு போட்டால் அது வறுபடாது, வேகும். தண்ணீர் இருக்கும்வரை கறியின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. பழுப்பு நிறமும் அந்த மணமும் வர 140 டிகிரியாவது வேண்டும். அதனால் துணியால் ஒற்றி, ஒவ்வொரு துண்டையும் உலர்த்துங்கள். பாத்திரத்தை நிறைக்காமல், நாலைந்து துண்டாகப் போடுங்கள். போட்டதும் "ஸ்ஸ்" என்று சத்தம் வர வேண்டும். சத்தம் அடங்கிச் சாம்பல் நிறத்தில் நீர் கசிந்தால் கூட்டம் அதிகம் என்று அர்த்தம். உடனே புரட்டாதீர்கள், அடிப்பக்கம் நன்றாகச் சிவந்தால் துண்டு தானே பாத்திரத்தை விட்டு வரும். அடியில் ஒட்டிய பழுப்புப் படிவைக் கழுவிவிடாதீர்கள். ஒயினை ஊற்றி மரக்கரண்டியால் சுரண்டினால் அத்தனையும் குழம்புக்குள் வந்துவிடும். படிவு கருகியிருந்தால் மட்டும் துடைத்தெடுங்கள், கசக்கும்.

ஒயின் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சமையல் ஒயின் என்று விற்பதில் பெரும்பாலும் உப்பு சேர்த்திருப்பார்கள். சுண்டச் சுண்டக் கரிக்கும். அதற்காக விலையுயர்ந்த பழைய பர்கண்டியை ஊற்றுவதும் வீண். அதன் நுட்பமான மணமெல்லாம் கொதியில் போய்விடும். குடிக்க நன்றாக இருக்கும் சாதாரண பினோ நுவார் போதும். துவர்ப்பு மிகுந்த ஒயின் சுண்டும்போது இன்னும் துவர்க்கும், இனிப்பு ஒயின் ஒத்தே வராது. ஒன்றரைக் கிலோ கறிக்கு 750 மில்லி பாட்டில் முழுதும் போகலாம். பயந்து ஒரு கோப்பை மட்டும் ஊற்றினால் அது வேறு குழம்பு.

அப்புறம் தீ. தளதளவென்று கொதித்தால் தசை இறுகி, தன் சாற்றைப் பிழிந்து விட்டுவிடும். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குமிழி வந்தால் போதும். ஓவன் இருந்தால் மூடிய பாத்திரத்தில் 160 டிகிரி, மூன்று மணி நேரம். ஒன்றரை மணியில் எடுத்துப் பார்த்தால் கறி ரப்பர் போல இருக்கும். பலர் இங்கேதான் நம்பிக்கை இழந்து தீயைக் கூட்டுகிறார்கள். கொலாஜன் இன்னும் கரையவில்லை, அவ்வளவுதான், விட்டுவிடுங்கள். பிரெஞ்சுக்காரர்களே பிரஷர் குக்கரில் செய்வதுண்டு, அது குற்றமில்லை. ஆனால் குக்கரில் நீர் சுண்டாது. கறியைத் தனியே எடுத்துவைத்து, குழம்பை மட்டும் திறந்த வாக்கில் சுண்டவிடுங்கள். மாவைக் கொட்டிக் கெட்டியாக்கினால் அந்தப் பளபளப்பு வராது.

இதில் சேரும் காளானையும் சின்ன வெங்காயத்தையும் முதலிலேயே போட்டுவிடுவது இன்னொரு தவறு. வெண்ணெயில் தனியாக வதக்கி, கடைசி அரைமணியில் சேருங்கள். மணத்துக்குப் போடும் பே இலைக்கு (bay leaf) பதிலாக நம்மூர்ப் பிரிஞ்சி இலையைப் போடாதீர்கள். அது வேறு மரம், பட்டை வாசம் ஏறிவிடும். உப்பைக் கடைசியில் பாருங்கள், ஏனென்றால் இதில் சேர்க்கும் உப்பிட்ட பன்றிக்கறித் துண்டுகளிலேயே நிறைய இருக்கும்.

சமைத்த அன்றே பரிமாற வேண்டும் என்றும் இல்லை. ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் மேலே கொழுப்பு கட்டியாக நிற்கும். அப்படியே எடுத்துவிட்டு, சிறுதீயில் சூடாக்கி, அவித்த உருளைக்கிழங்கோடு வையுங்கள். ருசியும் கூடியிருக்கும். விருந்தினரில் மது தொடாதவர்களோ பன்றிக்கறி சாப்பிடாதவர்களோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூன்று மணி நேரம் வெந்தாலும் ஆல்கஹால் முழுவதும் போய்விடுவதில்லை.