நட்ட அன்றே பச்சைச் சுவர், ஜூலையில் பழுப்பு

லண்டனில் எங்கள் பின்தோட்டத்து மரவேலி சாய்ந்ததும், கம்பி வலையில் ஐவி என்ற படர்கொடியைப் படரவிட்டு வளர்த்த தட்டிகள் மூன்று வாங்கினேன். 1.8 மீட்டர் உயரம். குளிர்காலத்திலும் இலை உதிராது என்பதால்தான் ஐவி. இலைப்பரப்பில் காற்று மோதும் என்று கம்பங்களை 60 சென்டிமீட்டர் ஆழத்தில் கான்கிரீட் போட்டு நிறுத்தினேன்.

ஜூலையில் நடுத்தட்டி பழுப்பேறியது. நோயோ என்று பயந்து தோண்டினால், சுற்றுமண் ஈரம். வேர்க்கட்டி மட்டும் சக்கையாய்க் காய்ந்திருந்தது. வேரோடு வரும் தொட்டிக் கலவை ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காமல் ஓரமாக வழியவிட்டுவிடும். நானோ மாலையில் ஹோஸைப் பிடித்து இலையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன்!

வேரடியில் குழாயைச் சொட்டவிட்டு இரண்டு மணி நேரம் ஊறவைத்தேன். பிறகு சொட்டுநீர்க் குழாய், மேலே மரப்பட்டை மூடாக்கு. காய்ந்த தண்டுகளை வெட்டினேன். செப்டம்பரில் கீழிருந்து துளிர்த்தது. வெட்டியதால் விழுந்த ஓட்டையை அது இன்னும் முழுசாக மூடவில்லை.