எமெட்-செல்க்கைப் பற்றித் தியரி சொல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபைனல் ஃபேன்டஸி 14 இணைய விளையாட்டின் ஷேடோபிரிங்கர்ஸ், எண்ட்வாக்கர் என்ற கூடுதல் பாகங்கள் இரண்டையும் இன்னும் முடிக்காதவர்கள் இதை அப்புறம் படியுங்கள். கதையின் முக்கியமான திருப்பங்கள் எல்லாமே கீழே இருக்கின்றன.

ஃபைனல் ஃபேன்டஸி 14 விளையாடும் கோலாலம்பூர்த் தமிழர்களுக்கு அதன் வில்லன் எமெட்-செல்க் மேல் தனிப் பாசம் உண்டு. டோன்பெரி சர்வரில் ரெய்டு என்ற கூட்டுச் சண்டை முடிந்து பேசினாலும், பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடையில் தே தாரேக்கோடு உட்கார்ந்தாலும் பேச்சு அவனிடம் வந்து நிற்கும். உடைந்துபோன தன் பழைய உலகத்தை மீட்க இன்றைய உயிர்களைப் பலியிட அவன் ஏன் துணிந்தான் என்பதற்கு ஆளுக்கொரு தியரி. 2019இல் வந்த ஷேடோபிரிங்கர்ஸின் வில்லனுக்காக இன்னும் இரவு ஒரு மணி வரை வாதாடுகிறோம் என்றால், அவனை எழுதியவர்களின் திறமை அது. ஆனால் அந்தத் தியரிகளில் பலவும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அவன் செய்த கொலைகளை வேறு யார் தலையிலாவது கட்டிவிடுகின்றன. அப்படிக் கட்டிவிட்டால் அவனுக்காக நாம் வருந்துவதற்கே காரணம் இல்லாமல் போய்விடும்.

அதிகம் கேட்பது டெம்பரிங் தியரி. ஸோடியார்க் என்ற தெய்வத்தை அவன் இனத்தார் வரவழைத்தபோதே அவன் மனம் அந்தத் தெய்வத்துக்கு அடிமையாகிவிட்டது, ஆகவே அவன் வெறும் பொம்மை என்பார்கள். டெம்பரிங் நடந்தது உண்மைதான், அவனே அதை ஒப்புக்கொள்கிறான். அதைப் பெரிய ரகசியம்போல் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே விளையாட்டில் இஃப்ரிட் என்ற இன்னொரு தெய்வத்துக்கு அடிமையானவர்களையும் பார்த்திருக்கிறோமே! அவர்கள் வாயில் தெய்வத்தின் புகழைத் தவிர வேறு பேச்சு வராது. எமெட்-செல்க் அப்படியா பேசுகிறான்? களைப்பைப் பற்றிப் பேசுகிறான், எரிச்சல்படுகிறான், நம்மைச் சோதித்துப் பார்க்கிறான், முடிவை ஒத்திப் போடுகிறான். உடைந்துபோன உலகத்து மனிதர்களோடு வாழ்ந்ததாகவும், அவர்களோடு சாப்பிட்டு, சண்டை போட்டு, நோய்ப்பட்டு, முதுமை அடைந்து, பிள்ளைகளும் பெற்றதாகவும் சொல்கிறான். இவ்வளவுக்கும் பிறகு, நீங்கள் என் கணக்கில் முழு உயிர்களே அல்ல, உங்களைக் கொன்றால் அது கொலையாகாது என்கிறான். நம்மை நெருங்கிப் பார்த்துவிட்டு அவன் எடுத்த தீர்ப்பு அது. எந்தத் தியரி சொன்னாலும் இந்த வசனத்தோடு ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டாவிட்டால் அந்தத் தியரி வேறு யாரையோ பற்றியது.

அடுத்தது காலக் குழப்பம். 2021இல் எண்ட்வாக்கர் வந்ததிலிருந்து இது அதிகமாகிவிட்டது. எல்பிஸ் பகுதியில் பழைய காலத்துக்குப் போய் அவனைச் சந்திக்கிறோம். பழைய உலகத்தைத் தாக்கிய இறுதி நாட்களின் பேரழிவு, ஹெர்மீஸ் என்ற ஆய்வாளன் படைத்த மெட்டியன் என்ற உயிரிடமிருந்து வருகிறது என்பது அங்கே தெரியவருகிறது. உடனே பலர், அவனுக்கு எல்லாம் முன்பே தெரியும், தெரிந்தும் நம்மிடம் நடித்தான் என்கிறார்கள். ஆனால் ஹெர்மீஸ் இயக்கிய கைரோஸ் கருவி எமெட்-செல்க்கின் நினைவையும் அவன் நண்பன் ஹிதலொடேயஸின் நினைவையும் அழித்துவிடுகிறது. ஷேடோபிரிங்கர்ஸில் நம் முன் நிற்பவனுக்குப் பேரழிவின் காரணமே தெரியாது. அதே எல்பிஸில், எதிர்காலத்தில் அவன் என்ன செய்யப்போகிறான் என்று நாம் சொல்லும்போது அவனால் அதை நம்பவே முடியவில்லை. தான் அப்படிப்பட்டவனே அல்ல என்று சீறுகிறான். என் கண்ணுக்கு அந்தக் காட்சிதான் அவனைப் பற்றிய மிகப் பெரிய சாட்சி. பிறவியிலேயே கொடியவன் என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது. கடைசியில், எண்ட்வாக்கரின் இறுதிப் பகுதியான அல்டிமா தூலில் நினைவெல்லாம் திரும்பி வந்து நிற்கும்போதும், நடந்து வந்த வழிக்காக அவன் மன்னிப்புக் கேட்பதில்லை. இந்த இரண்டு காட்சிகளையும் சேர்த்து விளக்க முடிகிற தியரிக்கு நான் நின்று காது கொடுப்பேன்.

அவன் யாரை மீட்க நினைக்கிறான் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. பேரழிவில் செத்தவர்களை என்று பலர் சொல்கிறார்கள். அப்படியில்லை. அழிவைத் தடுக்க மிஞ்சியிருந்தவர்களில் பாதிப் பேர் ஸோடியார்க்குக்கு உயிரைக் கொடுத்தார்கள். பட்டுப்போன உலகத்தைத் துளிர்க்க வைக்க, மிச்சத்தில் பாதிப் பேர் மறுபடியும் கொடுத்தார்கள். புதிதாக முளைத்த உயிர்களைப் பலியிட்டு, தம்மையே கொடுத்த அவர்களைத் திரும்ப வாங்குவதுதான் திட்டம். அதற்குள் ஸோடியார்க்கை எதிர்த்த ஹைடேலின் என்ற தெய்வம் குறுக்கே வந்து உலகம் மூலமும் பதின்மூன்று பிரதிபலிப்புகளுமாக உடைந்தது. ஆகவே அவனை ஓட்டுவது, தானாக முன்வந்து உயிர் கொடுத்தவர்களிடம் பட்ட கடன். வெறும் துக்கம் என்று நினைத்தால், அவன் ஏன் பாதியில் விட முடியவில்லை என்பது புரியாது.

தோற்கத்தான் விரும்பினான் என்ற தியரியைச் சட்டென்று தள்ளிவிட முடியாது. பழைய நண்பன் ஆஸெமின் படிகத்தை அவனே செய்து வைத்தான். தன் பழைய நகரமான அமோரோட்டை நிழலாக எழுப்பி, அதில் ஹிதலொடேயஸை வைத்ததும் அவன்தான். 5.3 பாட்ச் முடிவில் விரலைச் சொடுக்கி நம்மைத் திரும்ப அனுப்பும் உருவத்தையும் எல்லாரும் பார்த்தோம். ஆனாலும் நம்முள் இருப்பது அந்த ஆஸெமின் ஆன்மா என்று தெரிந்தே நம்மைக் கொல்ல வந்தான். குல்க் மலையில் நம் கூட்டாளி எக்ஸார்க்கைச் சுட்டதும் விளையாட்டுக்கு அல்ல. நாம் ஜெயித்தால் அவனுக்கு ஆறுதல் கிடைத்திருக்கலாம் என்று வேண்டுமானால் சொல்லுங்கள். அதற்கு மேல் போனால் அவனுடைய கடைசிச் சண்டை வெறும் நாடகமாகிவிடும்.

நம் ஆட்கள் மட்டும் செய்கிற தவறு ஒன்று உண்டு, அவனைக் கர்ணன் ஆக்குவது. ஒரு பக்கம் கர்ணன், இன்னொரு பக்கம் பள்ளிக்கூடத்தில் படித்த மலாய்க் கதை வீரன் ஹங் ஜெபாட். இரண்டுமே உணர்ச்சிக்கு இதமாக இருக்கும். ஆனால் கர்ணன் நின்றது தன்னைத் தூக்கிவிட்ட நண்பனுக்காக, ஜெபாட் எழுந்தது அநியாயமாகத் தண்டிக்கப்பட்ட தோழனுக்காக. தன் பக்கம் தவறு என்று தெரிந்தும் செஞ்சோற்றுக் கடனுக்காக நின்ற சங்கடம் எமெட்-செல்க்கிடம் துளியும் இல்லை. தன் பக்கமே சரி என்று முழு மனதோடு நம்புகிறான். கர்ணனுக்கு விடும் கண்ணீரை அப்படியே இவனுக்கும் விட்டால், அதோடு கர்ணனுக்குச் சொல்லும் சமாதானமும் சேர்ந்து வந்துவிடுகிறது. கார்லமால்ட் பேரரசை நிறுவி, அது நாடு நாடாக விழுங்கப் பாதை போட்டவனுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

இன்னொன்று, குறும்படத் துணுக்குகளை மட்டும் பார்த்துத் தியரி கட்டாதீர்கள். விடுதி அறையில் இருக்கும் புத்தகத்தைத் திறந்தால் முடித்த காட்சிகளை மறுபடி ஓட்டலாம். முதலில் அமோரோட், உடனே எல்பிஸ், அதன்பின் அல்டிமா தூல் என்று அடுத்தடுத்துப் பாருங்கள். அமோரோட் தெருவில் நிற்கும் நிழல் மனிதர்களோடும் ஒவ்வொருவராகப் பேசுங்கள். கட்டாயம் இல்லை என்று பலர் தாண்டிப் போகும் பேச்சுகள் அவை. நம் உருவத்தைப் பார்த்து அவர்கள் நம்மைக் குழந்தை என்று நினைத்துக் கனிவாகப் பேசுவார்கள். அந்த ஊரை அவன் எப்படி நினைவில் வைத்திருந்தான் என்பது அங்கேதான் தெரியும்.