வீட்டு விற்பனை பாதியில் முறிந்தால்: சொலிசிட்டர் பில்லில் எதைக் கட்ட வேண்டும், எதைத் தவிர்க்கலாம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலை பேசி முடித்து, கட்டடத்தின் நிலையைச் சோதிக்கும் சர்வே எடுத்து, மோர்ட்கேஜ் (வீட்டுக்கடன்) ஆஃபர் வந்த பிறகும் வாங்குபவரோ விற்பவரோ காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் நடக்கும்வரை யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் அல்ல. வீடு, நில விற்பனை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பேசிய நிபந்தனைகள் எல்லாம் அதில் அடங்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டுச் சட்டம். அதனால்தான் வேறொருவர் கூடுதல் விலை கொடுத்து வீட்டைத் தட்டிச் சென்றாலும், அதுவரை நீங்கள் செய்த செலவை விற்பவரிடம் கேட்க வழியில்லை. ஸ்காட்லாந்தில் நடைமுறையே வேறு. இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.

செலவு உங்கள் தலையில்தான் என்றால், அது எவ்வளவு என்பது எங்கே முடிவாகிறது? பெரும்பாலும் முதல் வாரத்திலேயே, படிக்காமல் நீங்கள் கையெழுத்திட்டு அனுப்பும் நியமனக் கடிதத்தில், அதாவது விற்பனையின் சட்ட வேலையைக் கவனிக்கும் வழக்கறிஞரான சொலிசிட்டர் தன் நிபந்தனைகளை எழுதித் தரும் கடிதத்தில்.

பில்லில் இரண்டு வகைப் பணம்

முதலாவது, சொலிசிட்டர் அல்லது லைசென்ஸ் பெற்ற கன்வேயன்சர் (வீடு கைமாறும் சட்ட வேலையை மட்டும் செய்பவர்) தன் வேலைக்கு வாங்கும் கட்டணம். அதன்மேல் 20 சதவீதம் வாட். இரண்டாவது, உங்களுக்காக அவர் வெளியே கட்டிய பணம்: உள்ளூராட்சி சேர்ச், தண்ணீர் மற்றும் வடிகால் சேர்ச், சுற்றுச்சூழல் சேர்ச் (வீட்டைப் பற்றி அந்தந்தப் பதிவுகளில் தேடி எடுக்கும் தகவல்கள்), நில உரிமைகளைப் பதியும் லேண்ட் ரெஜிஸ்ட்ரியிலிருந்து எடுத்த உரிமைப் பதிவின் நகல், அடையாளச் சோதனை. முதல் வகையில் பேரம் பேச இடமுண்டு. இரண்டாவது வகை போனது போனதுதான்.

ஆனால் வெளியே போகாத பணத்தையும் சில நிறுவனங்கள் இரண்டாவது வகையில் எழுதிவிடுகின்றன. பணம் அனுப்பும் கட்டணம் என்று வங்கி எடுப்பதைவிடப் பெரிய தொகை, ஃபைல் திறக்கும் கட்டணம், மோர்ட்கேஜ் கொடுப்பவருக்கான வேலைக்குக் கூடுதல் கட்டணம் ஆகியவை நிறுவனத்தின் சொந்த வரும்படி. விற்பனை நடக்கவில்லை என்றால், முடிவு நாளில் அனுப்ப வேண்டிய பணத்துக்கான கட்டணம் பில்லில் இருக்கவே கூடாது. ஸ்டாம்ப் டியூட்டி (வீடு வாங்கும்போது கட்டும் வரி; வேல்ஸில் வேறு பெயர்) ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்கும், உரிமையை உங்கள் பெயரில் பதிவதற்கும் உள்ள கட்டணமும் அப்படித்தான். அந்த வேலைகள் கம்ப்ளீஷனுக்கு, அதாவது முழுப் பணமும் கொடுத்து வீடு கைமாறும் முடிவு நாளுக்கு, பிறகே வரும்.

‘முடியாவிட்டால் கட்டணம் இல்லை’ என்ற வாக்குறுதி

விளம்பரத்தில் இது பெரிய எழுத்தில் இருக்கும். விதிவிலக்கு நியமனக் கடிதத்தின் பின்பக்கங்களில் இருக்கும். அநேகமாக எல்லா இடத்திலும் இது சொலிசிட்டரின் சொந்தக் கட்டணத்துக்கு மட்டும்தான். சேர்ச் செலவு உங்களுடையதே. கையெழுத்திடுமுன் இவற்றுக்கு ஈமெயிலில் பதில் வாங்கிவிடுங்கள்:

விலகுவது நானாக இருந்தாலும் இது பொருந்துமா, மற்றவர் விலகினால் மட்டுமா? சர்வேயில் பெரிய குறை தெரிந்து நான் விலகினால்? மோர்ட்கேஜ் மறுக்கப்பட்டால்? வீட்டை விற்று இன்னொன்று வாங்குகிறேன் என்றால், ஒன்று முறிந்ததால் மற்றதும் முறியும்போது இரண்டுக்கும் உண்டா? அடுத்த வீட்டுக்கும் உங்களிடமே வர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா? முறிவுப் பாதுகாப்பு என்ற பெயரில் தனிக் கட்டணம் இருக்கிறதா?

சர்வேயைப் பற்றிய கேள்விதான் முக்கியம். வாங்குபவர் விலகுவதற்கு நியாயமான காரணங்களில் அது முன்னால் நிற்கிறது. ஆனால் பல கடிதங்களில் ‘வாடிக்கையாளர் தாமாக விலகினால்’ என்ற ஒரே வரிக்குள் அதுவும் அடங்கிவிடும்.

இந்த வாக்குறுதி இல்லாத இடங்களில் இரண்டு முறைகளைக் காணலாம். ஒன்று, செய்த வேலைக்கு மணிக்கணக்கில் கட்டணம். இன்னொன்று, கட்டம் கட்டமாக மொத்தக் கட்டணத்தில் ஒரு பங்கு: ஒப்பந்த வரைவு வந்திருந்தால் கால்வாசி, விற்பவர் தரப்புக்குக் கேள்விகள் அனுப்பியிருந்தால் பாதி, எக்ஸ்சேஞ்சுக்குத் தயாராகியிருந்தால் முக்கால் என்பதுபோல. கட்டமுறையே மேல், ஏனென்றால் முன்கூட்டியே கணக்குப் போட முடிகிறது. மணிக்கணக்கு என்றால், மொத்தம் எக்காரணத்தாலும் முழுக் கட்டணத்தைத் தாண்டாது என்று எழுதி வாங்குங்கள்.

வித்தியாசத்தைக் காட்ட ஒரு மாதிரிக் கணக்கு. முழுக் கட்டணம் 1,100 பவுண்டு. பாதி வேலையில் விற்பனை முறிகிறது. கட்டணம் 550, வாட் 110, சேர்ச்கள் 320, உரிமைப் பதிவும் வரைபடமும் தலா 7 வீதம் 14, அடையாளச் சோதனை 24. மொத்தம் 1,018. முன்பணமாக 400 கொடுத்திருந்தால் இன்னும் 618 கட்ட வேண்டும். அதே முறிவு ‘முடியாவிட்டால் கட்டணம் இல்லை’ ஏற்பாட்டுக்குள் வந்தால் செலவு 358 மட்டுமே. 42 பவுண்டு திரும்பி வரும். ஆனால் இந்த ஏற்பாடு தரும் நிறுவனத்தின் முழுக் கட்டணம் மற்ற இடத்தைவிட 300 அதிகம் என்றால், விற்பனை நல்லபடியாக முடியும்போது அந்த 300 வீண். ஒரு விற்பனை இன்னொன்றை நம்பியிருக்கும் சங்கிலியில் பல வீடுகள் கோத்துக்கிடந்தால் கூடுதலாகக் கொடுக்கலாம். காலி வீடு, சங்கிலி இல்லை, விற்பவர் அவசரத்தில் இருக்கிறார் என்றால் அவசியமில்லை.

எதற்கு எப்போது பணம் இறக்குவது

வேகமாக நகரவேண்டும் என்று ஏஜென்ட் அவசரப்படுத்துவார். எல்லா சேர்ச்களும் முதல் நாளே ஆர்டராகிவிடும். பிறகு உரிமைப் பத்திரத்திலேயே சிக்கல் தெரிந்து விலகினால் அத்தனையும் நஷ்டம். வழக்கமான சூழ்நிலையில் இந்த வரிசை போதும்: முதலில் ஒப்பந்த வரைவும் உரிமைப் பதிவும், அடுத்து சர்வே, சர்வே சரி என்றால் மட்டும் சேர்ச். லீஸ்ஹோல்டு ஃபிளாட் (குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் உரிமை உள்ளது) என்றால் மீதமிருக்கும் ஆண்டுகள், கிரவுண்ட் ரென்ட் (நில உரிமையாளருக்குக் கட்டும் வாடகை), வெளிச்சுவர் தீப்பாதுகாப்பு ஆவணம் மூன்றையும் சேர்ச்சுக்கு முன்பே கேளுங்கள். ஃபிளாட் விற்பனைகள் அதிகம் முட்டிக்கொள்ளும் இடங்கள் இவை. உள்ளூராட்சி சேர்ச் வர வாரக்கணக்கில் ஆகும் கவுன்சில் என்றால் மட்டும் இந்த வரிசையை மாற்றலாம். ‘நான் எழுத்தில் சொல்லும்வரை சேர்ச் ஆர்டர் செய்ய வேண்டாம்’ என்று ஆரம்பத்திலேயே சொலிசிட்டருக்குத் தெரிவித்துவிடுங்கள்.

விலை பேசியவுடன் வீட்டைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொல்வது எல்லாரும் செய்வது. அது சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்த வேண்டுமானால், குறிப்பிட்ட நாள்வரை வேறு யாருடனும் பேசமாட்டேன் என்று விற்பவர் எழுத்தில் ஒப்பந்தம் செய்து தரலாம். நாள் தெளிவாக இருக்க வேண்டும். பதிலுக்கு நீங்களும் ஏதாவது கொடுக்கவோ ஒப்புக்கொள்ளவோ வேண்டும். இரண்டும் இருந்தால் இத்தகைய ஒப்பந்தம் செல்லும் என்று 1990-களின் நீதிமன்றத் தீர்ப்புகள் சொல்கின்றன. மீறினால் உங்கள் வீண்செலவு இவ்வளவு தரப்படும் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். வீடு வாங்குவோருக்கான முறிவுக் காப்பீடும் உண்டு. அதை ஆரம்பத்திலேயே எடுக்க வேண்டும். நீங்களாக மனம் மாறினால் பணம் வராது.

முறிந்த அன்றே செய்யவேண்டியவை

ஏஜென்டிடம் சொன்னால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். சொலிசிட்டருக்கு அன்றே ஈமெயில் அனுப்புங்கள்: வேலையை நிறுத்தவும், புதிதாக எதையும் ஆர்டர் செய்ய வேண்டாம், ஆர்டர் செய்தவற்றில் ரத்து செய்ய முடிந்தவற்றை ரத்து செய்யவும். நிறுத்தச் சொல்லாதவரை ஃபைல் ஓடிக்கொண்டிருக்கும், கட்டணமும் ஏறும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு எக்ஸ்சேஞ்சுக்காகக் கொடுத்து வைத்திருந்தால், அதைப் பயன்படுத்தக் கூடாது என்று தொலைபேசியிலும் சொல்லி, எழுத்திலும் உறுதி செய்யுங்கள்.

சேர்ச் முடிவுகளைக் கையில் வாங்கிவையுங்கள். அவை அந்த வீட்டுக்கானவை; அடுத்த வாங்குபவருக்கும் உதவும். மோர்ட்கேஜ் நிறுவனங்கள் பொதுவாக 6 மாதத்துக்கு உட்பட்ட சேர்ச்சையே ஏற்கும் என்பதால் தாமதிக்காமல் ஏஜென்ட் மூலம் விற்கப் பாருங்கள். சேர்ச் கொடுத்த நிறுவனத்தின் விதிகள் வேறொருவர் அதை நம்ப அனுமதிக்கின்றனவா என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

வேறு வீடு பார்க்கப் போகிறீர்களா? பேரம் பேச இதைவிட நல்ல நேரம் வராது. ‘அடுத்ததையும் உங்களிடமே தருகிறேன், இந்தக் கட்டணத்தில் எவ்வளவு கழிப்பீர்கள்?’ என்று பில் வருமுன் கேளுங்கள். அடையாளச் சோதனைக்கும் பணத்தின் மூலம் பற்றிய சோதனைக்கும் மறுபடி கட்டணம் கேட்டால், ஏன் என்று கேளுங்கள்.

பில் அதிகமாகத் தெரிந்தால்

வரிக்கு வரி விளக்கம் கேளுங்கள். சேர்ச் ரசீதுகளையும் கேளுங்கள். உங்கள் முன்பணத்திலிருந்து கட்டணத்தை எடுப்பதற்கு முன் பில்லோ எழுத்து அறிவிப்போ தரவேண்டும் என்பது சொலிசிட்டர்களின் கணக்கு விதி. மீதியைத் தாமதமின்றித் திருப்ப வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. அலுவலகம் போகாமல் இணையம், தொலைபேசி வழியே நியமித்திருந்தால் ரத்து செய்ய 14 நாள் உரிமை உண்டு. அதற்குள் வேலை தொடங்கச் சொல்லியிருந்தால், செய்த அளவுக்கு மட்டும் கட்ட வேண்டிவரும்.

விளக்கம் சரியில்லை என்றால் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 8 வாரத்தில் தீர்வில்லை என்றால் சட்டச் சேவைப் புகார்களை விசாரிக்கும் அமைப்பான லீகல் ஓம்பட்ஸ்மேனிடம் இலவசமாகப் போகலாம். இறுதிப் பதில் வந்திருந்தால் அதிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். பிரச்சினை நடந்தோ தெரியவந்தோ ஓராண்டு என்ற வரம்பும் உண்டு. நீதிமன்றத்தில் பில்லை மதிப்பிடச் சொல்லும் உரிமையும் சொலிசிட்டர்கள் சட்டத்தில் இருக்கிறது. பில் கிடைத்த ஒரு மாதத்துக்குள் கேட்டால் தடையில்லை, பிறகு கடினம். சில நூறு பவுண்டுக்கு நீதிமன்றம் போவது கட்டுப்படியாகாது, ஓம்பட்ஸ்மேனே போதும்.

விற்பவரின் பக்கம்

விற்பவருக்கு சேர்ச் செலவு இல்லை. ஆனால் லீஸ்ஹோல்டு என்றால் கட்டடத்தின் நிர்வாக நிறுவனத்திடமிருந்து வாங்கும் தகவல் தொகுப்புக்கே சில நூறு பவுண்டு போகும். அடுத்த வாங்குபவருக்கு அதைப் பயன்படுத்தலாம். பழையதாகிவிட்டால் புதுப்பிக்க மறுபடி கேட்பார்கள்.

பெரிய பள்ளம் ஏஜென்ட் ஒப்பந்தத்தில். ‘வாங்கத் தயாராகவும் விருப்பத்துடனும் வசதியுடனும் உள்ளவரை’ அறிமுகப்படுத்தினாலே கமிஷன் என்ற வரி இருந்தால், நீங்கள் மனம் மாறி விற்காமல் விட்டாலும் முழுக் கமிஷன் கேட்க முடியும். அந்த வரியை அடித்துவிட்டு, கம்ப்ளீஷன் ஆனால் மட்டுமே கமிஷன் என்று எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஏஜென்டைப் பாருங்கள்.

எக்ஸ்சேஞ்சுக்குப் பிறகு

இங்கே கணக்கே மாறிவிடும். வாங்குபவர் முடிக்கத் தவறினால் விற்பவர் கெடு நோட்டீஸ் கொடுப்பார். வழக்கமான நிபந்தனைகளின்படி 10 வேலை நாள். அதற்குள்ளும் முடிக்காவிட்டால் டெபாசிட், வழக்கமாக விலையில் 10 சதவீதம், போய்விடும். வீட்டைக் குறைந்த விலைக்கு மறுபடி விற்க நேர்ந்தால் டெபாசிட்டைத் தாண்டிய நஷ்டத்தையும் கேட்கலாம். விற்பவர் விலகினால், விற்றே தீரவேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட முடியும். ‘முடியாவிட்டால் கட்டணம் இல்லை’ ஏற்பாடுகளும் பெரும்பாலும் எக்ஸ்சேஞ்சோடு காலாவதியாகிவிடும். மோர்ட்கேஜ் ஆஃபர் எழுத்தில் இல்லாமல், சேர்ச் பதில்கள் எல்லாம் வராமல், எந்த அவசரத்துக்காகவும் எக்ஸ்சேஞ்சுக்குச் சம்மதம் சொல்லாதீர்கள்.